புதுச்சேரிக் கட்டடங்களில் தளமும் கணிப்பும்: மெட்ராஸ் டெரஸ் முதல் முன்வார்ப்புக் கான்கிரீட் தளம் வரை

ஆய்வுச் சுருக்கம்

புதுச்சேரி நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் கட்டடத் தளங்கள் மூன்று நிலைகளைக் கடந்து வந்துள்ளன. மரக்கட்டைகளின்மீது செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ், ஓரிடத்திலேயே வார்க்கப்பட்ட கம்பிக் கான்கிரீட் தளம், முன்கூட்டியே வார்த்து எடுத்துவந்து பொருத்தப்படும் முன்வார்ப்புத் தளம் என்பன அவை. இம்மாற்றத்தைப் பொருள்களின் வரலாறாக மட்டும் காண்பது வழக்கம். இக்கட்டுரை அதனைக் கணிப்பின் வரலாறாகவும் காண்கிறது. தளத்தைக் கணினியில் எளிய மாதிரியாக அமைக்கும்போது எவற்றை விடலாம், எவற்றை விடக்கூடாது என்னும் வினாவுக்கு இவ்வரலாறு தரும் விடையை இது ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: புதுச்சேரி, மெட்ராஸ் டெரஸ், கோல்கொண்ட், முன்வார்ப்புத் தளம், ஃபெரோசிமெண்ட், கணினி மாதிரி, விறைத்த தளத்தகடு.

முன்னுரை

கட்டடத்தில் தளம் இருவகைப் பணிகளை ஆற்றுகிறது. மனிதர், பொருள், தன்னெடை ஆகிய செங்குத்துச் சுமைகளைச் சுவருக்கோ உத்திரத்துக்கோ கொண்டுசேர்ப்பது முதற்பணி. காற்றும் நிலநடுக்கமும் பக்கவாட்டில் தள்ளும்போது சுவர்களையும் தூண்களையும் ஒன்றாகப் பிணைத்து நிறுத்துவது இரண்டாம் பணி. முதற்பணி கண்ணுக்குத் தெரிவது; இரண்டாவது, இடர் நேரும்வரை தெரியாதது. புதுச்சேரியின் கட்டடக்கலை பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் முகப்பு, திண்ணை, முற்றம், வளைவு, வண்ணம் ஆகியவற்றைப் பேசுகின்றன. தலைக்குமேல் இருக்கும் தளம் பற்றிய பேச்சு குறைவு. அக்குறையைச் சிறிது நிரப்புவது இக்கட்டுரையின் நோக்கம்.

மெட்ராஸ் டெரஸ்: சுமையின் ஒற்றை வழி

பிரெஞ்சுக்காரர் வாழ்ந்த கடலோரப் பகுதியிலும், கால்வாய்க்கு மேற்கேயுள்ள தமிழர் தெருக்களிலும் முகப்பு வேறுபட்டது. தளம் பெரும்பாலும் ஒன்றே. சுவரிலிருந்து சுவருக்குத் தேக்கு உத்திரங்கள். அவற்றின்மேல் நெருக்கமாகச் சிறு கட்டைகள். கட்டைகளின்மேல் மெல்லிய சிறு செங்கற்கள் விளிம்பு நிற்க, மூலைவாட்டில், சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கப்பட்டன. அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த அடுக்கு பலகையால் தட்டி இறுக்கப்பட்டது. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சாந்தில் சேர்ந்தது. மேற்பரப்பில் தட்டோடு பதிக்கப்பட்டது.

இத்தளத்தில் சுமை செல்லும் வழி ஐயத்துக்கு இடமில்லாதது. செங்கல் அடுக்கு கட்டைக்கும், கட்டை உத்திரத்துக்கும், உத்திரம் சுவருக்கும் சுமையை ஒப்படைக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரே திசையில் வளைகிறது. ஆகவே கொத்தனாருக்கும் தச்சருக்கும் எழுத்துக் கணக்குத் தேவைப்படவில்லை. அறையின் அகலத்தைக் கொண்டு கட்டையின் பருமனையும் இடைவெளியையும் அனுபவத்தால் வகுத்தனர். அறை நீளலாம், அகலம் வரம்புக்கு உட்பட்டது என்பது இதன் விளைவு. பழைய வீடுகளில் நீண்டு ஒடுங்கிய அறைகள் மிகுந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

இதன் குறை இரண்டாம் பணியில் உள்ளது. கட்டை முனைகள் சுவருக்குள் செருகப்பட்டுள்ளனவே தவிர, சுவரோடு இழுவிசைக்குப் பிணைக்கப்படவில்லை. மழைநீர் ஊறிக் கட்டை முனை மட்கினால் தளமும் சுவரும் ஒன்றையொன்று தாங்கும் உறவு முறிகிறது.

கோல்கொண்ட்: ஒருமித்த கான்கிரீட்டின் வருகை

கான்கிரீட்டையும் இரும்புக் கம்பியையும் இணைத்துத் தூண், உத்திரம், தளம் ஆகிய மூன்றையும் ஒரே உடலாக வார்க்கும் முறைக்கு ஃபிரான்சுவா ஹென்னெபிக் 1892இல் காப்புரிமை பெற்றார். புதுச்சேரியில் இம்முறையின் மிகச் சிறந்த சான்று கோல்கொண்ட் என்னும் அரவிந்தர் ஆசிரம விடுதியாகும். செக் நாட்டில் பிறந்து, தோக்கியோவில் பணியாற்றிய அந்தோனின் ரேமண்ட் 1930களின் நடுப்பகுதியில் இதனை வடிவமைத்தார். ஜார்ஜ் நகாஷிமாவும் பிரான்டிசெக் சாம்மரும் களத்தில் பணியாற்றினர். ஐதராபாத் திவான் சர் அக்பர் ஐதரியின் முயற்சியால் நிதியுதவி கிடைத்தமையால், கட்டடம் கோல்கொண்டாவின் பெயரைப் பெற்றது. 1930களின் பிற்பகுதியில் தொடங்கிய வேலை உலகப்போர்க் காலத்தில் நீண்டது.

இக்கட்டடத்தின் சுவரும் தளமும் அவ்வவ்விடத்திலேயே வார்க்கப்பட்டவை. எனினும் முன்தயாரிப்பு என்னும் கருத்து இரண்டு இடங்களில் நுழைந்துள்ளது. முகப்பு முழுவதும் அமைந்த, திருப்பத்தக்க கல்நார் சிமெண்ட் பலகைகள் ஒன்று. கான்கிரீட் கூரைத்தளத்தின்மேல் காற்றிடைவெளி விட்டு அடுக்கப்பட்ட, முன்கூட்டியே வார்த்த வளைந்த கான்கிரீட் ஓடுகள் மற்றொன்று. தாங்குவது ஒருமித்த தளம். வெயிலைத் தடுப்பது முன்வார்ப்பு ஓடு. தாங்கும் பணியை முன்வார்ப்புக்கு ஒப்படைக்கும் துணிவு இன்னும் வரவில்லை. வேலை தொடங்கும்முன் ஓர் அறையை முழு அளவில் மாதிரியாகக் கட்டிப் பார்த்தனர் என்பதும் குறிப்பிடத்தக்கது. கணினி இல்லாக் காலத்தில் மாதிரி என்பது கைப்பொருளாகவே இருந்தது.

ஒருமித்த தளம் கணிப்பில் புதிய சிக்கலைக் கொணர்ந்தது. நான்கு பக்கமும் தாங்கப்பட்ட தளம் இரண்டு திசைகளிலும் வளைகிறது, மூலைகளில் முறுக்குகிறது. மெட்ராஸ் டெரஸில் தானே தெளிவாக இருந்த சுமையின் வழி, இங்குக் கணக்கிட்டு அறிய வேண்டியதாயிற்று. தளத்தைக் குறுக்கும் நெடுக்குமான பட்டைகளாகக் கருதி, நடுவில் இரண்டின் தாழ்வும் சமம் எனக் கொண்டு சுமையைப் பங்கிடும் ராங்கின்–கிராஷாஃப் முறை இதற்கு எழுந்த எளிய விடை. 1943இல் டென்மார்க்கின் கே.டபிள்யூ. யோஹான்சன் முறிவுக்கோட்டுக் கொள்கையை விரிவாக வகுத்தார்.

முன்வார்ப்புத் தளங்கள்: இந்திய முயற்சிகள்

விடுதலைக்குப் பின் வீட்டுப் பற்றாக்குறையும் சிமெண்ட், இரும்பு, மரம் ஆகியவற்றின் தட்டுப்பாடும் முன்வார்ப்பை நாடச் செய்தன. டெல்லியில் இந்துஸ்தான் வீட்டுத் தொழிற்சாலை 1950களில் செயற்பட்டது. ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆய்வு நிறுவனம் சிறு கூறுகளால் ஆன தளங்களை உருவாக்கியது. பெரிய பலகையைத் தூக்கப் பாரந்தூக்கி வேண்டும். சிறு கூறுகளைத் தொழிலாளர் கையால் தூக்கலாம். இந்தியச் சூழலுக்கு இரண்டாவதே பொருந்தியது.

அவற்றுள் பலகை–கட்டைத் தளம் மிகுதியும் பரவியது. 300 மி.மீ. அகலமும் அதிகபட்சம் 1.5 மீ. நீளமும் கொண்ட பலகை. ஓரத்தில் 30 மி.மீ., நடுவில் 60 மி.மீ. தடிமன். இதனைத் தாங்குவது பகுதி வார்க்கப்பட்ட கான்கிரீட் கட்டை. கட்டையின் மேற்புறம் நீட்டி நிற்கும் கம்பி வளையங்களைச் சுற்றி, பலகைகளின் சரிவான ஓரங்களில் களத்தில் கான்கிரீட் இடும்போது பலகையும் கட்டையும் சேர்ந்து ‘டி’ வடிவ உத்திரமாகின்றன. இதற்கான இந்தியத் தர நெறி ஐ.எஸ். 13994 என்னும் எண்ணில் 1994இல் வெளிவந்தது. உத்திரம், கட்டை, செங்கல் என்னும் மெட்ராஸ் டெரஸின் படிநிலை இங்குப் புதிய பொருளில் திரும்பி வந்திருப்பதைக் காணலாம். சுமை மீண்டும் ஒற்றை வழியில் செல்கிறது.

ஜி.எஸ். இராமசாமி உருவாக்கிய இருவளைவு ஓட்டுத் தளமும் இங்குக் கருதத்தக்கது. சட்டத்தில் துணியைக் கட்டித் தொங்கவிட்டு, அதன்மேல் சாந்து பரப்பினால் துணி தன் எடைக்கேற்ற வடிவத்தைத் தானே அடையும். அதைத் தலைகீழாகத் திருப்பினால் பெரும்பாலும் அமுக்கவிசை மட்டுமே தாங்கும் ஓடு கிடைக்கும். சமன்பாட்டைத் துணியே தீர்த்துவைக்கும் இம்முறையும் ஒருவகை எளிய மாதிரியே.

ஆரோவில் அனுபவம்

புதுச்சேரிக்கு வடக்கே 1968இல் தோன்றிய ஆரோவில், முன்வார்ப்புக்கு வட்டாரக் களமாக அமைந்தது. அங்குள்ள அறிவியல் ஆய்வு மையம் 1980களிலிருந்து ஃபெரோசிமெண்ட் வாய்க்கால் கூறுகளைக் கூரைக்கும் தளத்துக்கும் பயன்படுத்தியது. நுண்கம்பி வலைமேல் சிமெண்ட் சாந்து பூசி, ஏறத்தாழ 25 மி.மீ. தடிமனில் வளைந்த வாய்க்கால் வடிவில் வார்க்கப்படுவது இக்கூறு. அடுத்தடுத்து வைத்து, இடைப்பள்ளத்தில் கம்பியிட்டுக் கான்கிரீட் நிரப்பினால் தளம் உருவாகிறது. தடிமன் குறைவு என்பதால் எடை குறைவு. வளைவினால் விறைப்பு மிகுதி.

இத்தகைய கூற்றை மாதிரியாக்குவதில் ஒரு தெரிவு உண்டு. வளைந்த ஓடாகக் கருதி ஆயிரக்கணக்கான சிறு கூறுகளாகப் பகுக்கலாம். அல்லது வாய்க்கால் குறுக்குவெட்டு கொண்ட ஒரே உத்திரமாகக் கருதலாம். நீளம் அகலத்தைப் போலப் பல மடங்காக இருக்கும்போது இரண்டாவது முறையே நெடுக்குவாட்டு வளைவுக்குப் போதிய விடை தரும். ஆனால் ஒரு வாய்க்காலின்மேல் மட்டும் தண்ணீர்த் தொட்டி வைத்தால் அச்சுமையில் எவ்வளவு பக்கத்து வாய்க்காலுக்குச் செல்லும் என்பதைத் தனி உத்திர மாதிரி சொல்லாது. அதற்கு இணைப்பையும் மாதிரிக்குள் கொணர வேண்டும்.

கணினி வந்தபின்

தளம்போன்ற தொடர்பரப்பைச் சட்டங்களாகப் பகுத்துத் தீர்க்கும் வழியை ஹிரென்னிகாஃப் 1941இல் காட்டினார். டர்னர், கிளஃப் முதலியோரின் 1956ஆம் ஆண்டுக் கட்டுரையும், 1960இல் கிளஃப் இட்ட பெயரும் வரம்புறு கூறு முறைக்கு அடித்தளமாயின. அதே காலத்தில் லைட்ஃபுட், சாவ்கோ ஆகியோர் தளத்தை உத்திரப் பின்னலாகக் கருதிக் கணினியில் தீர்த்தனர்.

அன்றைய கணினிகளின் நினைவகம் மிகச் சிறிது. ஆகவே எளிமைப்படுத்தல் கட்டாயமாயிற்று. தளம் தன் பரப்புக்குள் விறைப்பானது, நீளவோ சுருங்கவோ செய்யாது என்று கொள்வது அவற்றுள் மிகவும் பயன்பட்டது. ஒரு மாடியில் 40 இணைப்புப் புள்ளிகள் இருப்பின், புள்ளிக்கு ஆறாக 240 அறியாத் தொகைகள் உண்டு. தளம் விறைத்ததெனக் கொண்டால் புள்ளிக்கு மூன்றும் தளம் முழுமைக்கு மூன்றுமாக 123 போதும். நான்கு மாடிக்கு 960 என்பது 492 ஆகக் குறைகிறது. நினைவகம் பெருகிய பின்னும் இவ்வழக்கம் மென்பொருள்களில் நிலைத்துவிட்டது. தளத்தை வரைந்தவுடன் அது ஒருமித்தது, இருதிசையில் வளைவது, விறைத்தது என்னும் மூன்று கொள்கைகளையும் பயனர் எளிதில் ஏற்றுவிட நேர்கிறது. ஒருமித்த கான்கிரீட்டுக்கு அவை பெரும்பாலும் பொருந்தும். முன்வார்ப்புக்கு ஒவ்வொன்றையும் தனித்தனியே கேள்விக்கு உட்படுத்த வேண்டும்.

எளிமைப்படுத்தலின் மூன்று வினாக்கள்

முதல் வினா: சுமை எத்திசையில் செல்கிறது? 3.6 மீ. அகலமும் 4.2 மீ. நீளமும் கொண்ட அறையை எடுத்துக்கொள்ளலாம். மொத்தச் சுமை சதுர மீட்டருக்கு 6 கிலோநியூட்டன் எனக் கொள்வோம். தளம் ஒருமித்ததாயின், ராங்கின்–கிராஷாஃப் முறைப்படி குறுந்திசை ஏற்கும் பங்கு ஏறத்தாழ 65 விழுக்காடு. அத்திசையில் மீட்டர் அகலத்துக்கு வளைவுத் திருப்புமை 6.3 கிலோநியூட்டன்–மீட்டர். குறுந்திசையில் மட்டும் கிடக்கும் முன்வார்ப்புக் கூறுகளாயின் முழுச் சுமையும் அத்திசைக்கே உரியது, திருப்புமை 9.7 கிலோநியூட்டன்–மீட்டர். முன்வார்ப்புத் தளத்தை இருதிசைத் தளமாக வரைந்துவிட்டால், தேவையான வலிமையில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் கணக்கிலிருந்து மறைந்துபோகும். தாங்கும் உத்திரங்களிலும் இதே பிழை தொடரும்: இரு பக்க உத்திரங்கள் மிகுதியான சுமையையும், மற்ற இரண்டு ஏறத்தாழ ஒன்றுமின்மையையும் பெற வேண்டிய இடத்தில், நான்கும் பகிர்வதாக மாதிரி காட்டும்.

இரண்டாம் வினா: கூறுகளுக்கிடையேயான இணைப்பு எதனைக் கடத்துகிறது? சாந்து நிரப்பிய இணைப்பு வெட்டுவிசையைக் கடத்தும், வளைவைக் கடத்தாது. எனவே அதனைக் கீலாகக் கருதுவதே தகும். ஒவ்வொரு கூற்றையும் ஓர் உத்திரமாகவும், இணைப்பை நடுவில் கீலுடைய குறுக்குத் துண்டாகவும் அமைத்த பின்னல் மாதிரி சில நூறு அறியாத் தொகைகளுக்குள் அடங்கும். தளத்தைத் தகடாகவே வைத்துக் குறுக்குத்திசை விறைப்பை மட்டும் மிகச் சிறிதாக்குவது இன்னும் சுருக்கமான வழி. இவ்விரண்டிலும் கூற்றின் முறுக்கு விறைப்பை விட்டுவிடக் கூடாது. ஓரிடச் சுமை பக்கத்துக் கூற்றுக்குச் செல்லும்போது அக்கூறு முறுக்கப்படுகிறது; அதன் முறுக்கு விறைப்பே பகிர்வின் அளவைப் பெரிதும் முடிவுசெய்கிறது.

மூன்றாம் வினா: பக்கவாட்டு விசையில் தளம் ஒன்றாக நகருமா? கூறுகள் வெறுமனே அடுக்கப்பட்டிருந்தால் நகராது. 2016ஆம் ஆண்டின் ஐ.எஸ். 1893 நெறி இதற்குத் தெளிவான எல்லை வகுத்துள்ளது. முன்வார்ப்புக் கூறுகளின்மேல் மாடித்தளமாயின் குறைந்தது 50 மி.மீ., கூரையாயின் 75 மி.மீ. தடிமனில், 6 மி.மீ. கம்பிகளை 150 மி.மீ. இடைவெளியில் இட்ட கான்கிரீட் மேலடுக்கு இருந்து, தளத்தின் நீள–அகல விகிதம் மூன்றுக்கும் குறைந்திருந்தால் பொதுவாக விறைத்த தளத்தகடு எனக் கொள்ளலாம். கணினியின் வசதிக்காகக் கொண்ட ஒரு கொள்கை, இங்குக் களத்தில் நிறைவேற்ற வேண்டிய கடமையாக மாறியுள்ளது. மாதிரியில் ஒரு சொடுக்கு. களத்தில் ஓர் அடுக்குக் கான்கிரீட். பின்னது இல்லையேல் முன்னது பொய்.

இணைப்புத் தவறிய இடங்கள்

1968 மே 16 அன்று இலண்டனில் ரோனன் பாயிண்ட் என்னும் 22 மாடிக் குடியிருப்பில் 18ஆம் மாடி வீடொன்றில் எரிவாயு வெடித்தது. சுமைதாங்கிய முன்வார்ப்புச் சுவர்ப்பலகை வெளியே தள்ளப்பட, கட்டடத்தின் ஒரு மூலை முழுவதும் அடுக்கடுக்காகச் சரிந்தது, நால்வர் இறந்தனர். பலகைகள் வலிமை குறைந்தவை என்பதைவிட, அவற்றைப் பிணைக்கும் இணைப்புப் போதாது என்பதே அதன் பாடம்.

இந்தியாவில் அப்பாடம் 2001 சனவரி 26 அன்று கட்ச் நிலநடுக்கத்தில் திரும்ப வந்தது. சில ஆண்டுகளுக்கு முன்னரே முன்வார்ப்புப் பலகைகளால் கட்டப்பட்ட ஓரடுக்குப் பள்ளிக் கட்டடங்கள் பல இடிந்தன. கூரைப்பலகைகள் ஒன்றோடொன்றும் சுவரோடும் போதிய அளவு பிணைக்கப்படாமையே முதன்மைக் காரணமாகக் கண்டறியப்பட்டது.

அதே ஆண்டு செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக் கடற்பகுதியில் ஏறத்தாழ 5.5 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டது. புதுச்சேரியிலும் சென்னையிலும் அது உணரப்பட்டது. 2002ஆம் ஆண்டின் ஐ.எஸ். 1893 புதுச்சேரியை இரண்டாம் மண்டலத்தில் வைத்தது. மண்டலம் தாழ்ந்தது என்பதால் பக்கவாட்டுப் பிணைப்பைப் புறக்கணிக்கலாகாது என்பதை அந்நடுக்கம் நினைவூட்டியது. நகரின் மேல் வீசும் புயலும் பக்கவாட்டு விசையே. 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயல் அதற்குச் சான்று.

பழைய கட்டடங்களுக்கும் இது பொருந்தும். கடற்கரைச் சாலையில் 1870களின் தொடக்கத்தைச் சேர்ந்த நகராட்சிக் கட்டடமான மேரி, 2014 நவம்பர் 29 அன்று பெருமழையின்போது இடிந்தது. பழைய தோற்றத்திலேயே மீண்டும் கட்டப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. மரபுக் கட்டடங்களில் மட்கிய கட்டைகளை நீக்கி முன்வார்ப்புக் கூறுகளை இடும் திட்டங்களில், மேற்கண்ட மூன்று வினாக்களும் ஒருங்கே எழும். மரத்தைவிட எடை கூடிய கூற்றைச் செங்கற்சுவர் தாங்குமா என்பது நான்காவதாகச் சேரும்.

முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பின்வருவன பெறப்படுகின்றன.

மெட்ராஸ் டெரஸில் சுமை ஒற்றை வழியில் சென்றது. கோல்கொண்ட் காலத்து ஒருமித்த கான்கிரீட்டில் அது இருவழிப்பட்டது. முன்வார்ப்பில் மீண்டும் ஒற்றை வழிக்குத் திரும்பியுள்ளது. ஆகவே முன்வார்ப்புத் தளத்தைப் புரிந்துகொள்ள, அதற்கு உடனடியாக முந்திய தளத்தைவிட, நூறாண்டுக்கு முந்திய மரத்தளமே நெருங்கிய ஒப்புமை தருகிறது.

கணினி மாதிரியை எளிமையாக்குவது குறையன்று. ஆயிரம் கூறுகளைக் கொண்ட மாதிரியில் இணைப்பை விட்டுவிடுவதைவிட, பத்து உத்திரங்களும் அவற்றிடையே கீல்களும் கொண்ட மாதிரி உண்மைக்கு நெருங்கியது.

சென்னைப் பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகள் முன்வார்ப்பு முறையில் கட்டப்பட்டு 2022இல் திறக்கப்பட்டமை, இம்முறை இப்பகுதியில் விரிவடைவதைக் காட்டுகிறது. புதுச்சேரியின் குறுகிய தெருக்களுக்குக் கையால் தூக்கத்தக்க சிறு கூறுகள் ஏற்றவை. கூறுகள் சிறுத்தால் இணைப்புகள் பெருகும். ஒவ்வோர் இணைப்பும் மாதிரியில் எவ்வாறு கொள்ளப்பட்டதோ அவ்வாறே களத்தில் நிறைவேறியதா எனச் சரிபார்ப்பது, கணிப்பவருக்கும் கட்டுபவருக்கும் பொதுவான கடமையாகிறது.